ஆபரேஷன் முடிந்த அம்மா வலி மாத்திரை வேண்டாம் என்கிறார், விட்டுவிடலாமா?

கோத்தகிரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அம்மா, "பொறுத்துக்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்கிறார், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

வலியைக் காட்டிக்கொள்ளாததைப் பெருமையாக நினைப்பவர்கள் நம் மலையில் நிறைய. குன்னூரில் என் பெரியம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்தபோது, "0-விலிருந்து 10-க்குள் வலி எவ்வளவும்மா?" என்று நர்ஸ் கேட்டார். 30 வருஷம் தேயிலை பறித்தவர், "ரெண்டு" என்றார். கை மட்டும் போர்வையை முறுக்கிக்கொண்டிருந்தது. இருமல் வந்தால் மூச்சைப் பிடித்து அடக்கினார்.

சிக்கலே அங்கேதான். வலிக்குப் பயந்து இருமாமல், ஆழமாக மூச்சு இழுக்காமல் இருந்தால் நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வரலாம். நடக்காமல் படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம்.

அதனால் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். "ஒரு தடவை இருமிக் காட்டும்மா" என்று சொல்லி முகத்தைப் பாருங்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையல் இழுப்பது குறையும். டாக்டர் எழுதிய மாத்திரையை வலி ஏறுவதற்கு முன்பே, நேரம் தவறாமல் கொடுங்கள். பாராசிட்டமால் பழக்கமாகிவிடாது, அளவை மட்டும் தாண்டாதீர்கள். அப்புறம், காய்ச்சலோ தையலில் சீழோ தெரிந்தாலும், வலி திடீரென்று கூடினாலும் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.