நிலையில்லாத இந்தக் காலத்தில் படித்ததையும் கேட்டதையும் வாராவாரம் எழுதி வைப்பதால் என்ன பயன்? மொபைலில் எழுதினால் போதாதா?

உங்களுக்கு வேலை ஆட்டம் கண்டிருக்கிறது, நாள் முழுக்கச் செய்தி பார்த்தே மனது சோர்ந்து போகிறது, நடுவில் கொஞ்சம் படிக்கிறீர்கள், இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. கேள்வியைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. பயன் இருக்கிறது. நான் எழுத்தாளர் இல்லை, காரைக்குடியில் குடும்பம் நடத்துகிறவள், அதனால் எனக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது என் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டார். விமானம் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. டிவியைப் போட்டால் காலையிலிருந்து ராத்திரி வரை செத்தவர்கள் கணக்கு. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்படியை ஒதுக்கிவிட்டு, பெட்டகத்தில் எழுதாமல் கிடந்த பேரேடு ஒன்றை எடுத்து, படித்தது, கேட்டது, நடந்தது என்று மூன்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

அந்த வருஷம் பங்குனி அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டைக்குப் போக முடியவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா காரைக்குடியில் நடந்து, கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறும். சின்னப் பிள்ளையில் அப்பச்சி, அதாவது அப்பா, கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்ட பழக்கம். போக முடியாததால் பழைய பேச்சு ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். கொதித்து நிற்கிற இலக்குவனிடம், ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போனது ஆற்றின் பிழை இல்லையே என்று ராமன் சொல்கிற இடம். எத்தனையோ தடவை கேட்டதுதான், அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பேரேட்டில் எழுதி, அதற்குக் கீழேயே "காய்கறி வண்டி வந்தது, சின்ன வெங்காயம் இல்லை, போனில் அவர் இருமினார், கேட்டால் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் இருமல்தான் முதலில் கண்ணில் படுகிறது. அந்த வாரம் டிவியில் பார்த்தது ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

ஏன் வாரம் ஒருமுறை என்றால், தினமும் எழுதினால் அன்றைய பயம் மட்டும்தான் பக்கத்தில் ஏறும். செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் வந்து வயிற்றைக் கலக்கிய புரளி ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கிவிடும், ஆனால் அதே செவ்வாய்க்கிழமை படித்த நல்ல கதை மனதில் அப்படியே இருக்கும். இது எல்லாருக்கும் சரிவரும் என்று நான் சொல்லவில்லை. வேலைவெட்டி இல்லாதவர்கள் பார்க்கிற வேலை என்று இதற்குக் கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன்.

இந்தப் பழக்கம் எங்கள் ஐயாவிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன், அப்பச்சியைப் பெற்றவர். பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர், வாராவாரம் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கு முந்தின மாதத்துக் கடிதத்தில் அரிசி விலை, கிட்டங்கியில் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட கிராமபோன் தட்டு, பத்திரிகையில் படித்த யுத்தச் சேதி, தம்பிக்குக் காது குத்தியாகிவிட்டதா என்ற விசாரிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் கடிதம் இல்லை. 1942-இல் மணிப்பூர் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். நடந்து வந்ததைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை என்று அப்பத்தா சொல்வார்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குத் தெரிவது அந்தத் தட்டும் அந்த அரிசி விலையும் வைத்துத்தான்.

செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்துப் பர்மாக்காரன் நிலத்தைப் பிடுங்கியவர்கள்தானே என்று யாராவது கேட்பீர்கள். நெல் விலை விழுந்த 1930-களில் கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் நாலில் ஒரு பங்கு எங்கள் ஆட்கள் கைக்கு வந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. அதையும் அந்தக் காலத்துக் காகிதங்களை வைத்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்?

இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கத்தையும் சொல்லாமல் முடியவில்லை. அப்பச்சி வீட்டைப் பங்காளிகள் பங்கு பிரித்தபோது நிலைக்கதவுக்கு விலை பேசினார்கள், எனாமல் வாளிக்கு விலை பேசினார்கள், பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒரு வாரம் சண்டை நடந்தது. மேல்வீட்டில் மூட்டை மூட்டையாக இருந்த கணக்கும் கடிதமும் எடைக்குப் போனது. பெண்மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிக்கொடுத்துப் போன பெண்ணுக்குக் காகிதம் எதற்கு என்றார்கள். ஆத்தா (அம்மா) ஒரு கட்டுக் காகிதத்தை மட்டும் சேலைக்கடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள், எனக்கு மிஞ்சியது அதுதான். பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா செட்டியார் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தும் எங்கள் வீடுகளில் அந்தப் புத்தி வரவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொபைலில் எழுதலாம், தப்பில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அச்செடுத்துத் தைத்து வையுங்கள். தேதியும் ஊரும் போடுங்கள். என்ன படித்தீர்கள் என்பதோடு எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், யார் கொடுத்த புத்தகம் என்றும் எழுதுங்கள். தக்காளி விலையை விடாதீர்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம், அடுத்த வாரத்திலிருந்து எழுதுங்கள். அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள், மகள் இருந்தால் மகளிடம்.