ஐந்தொகை: காரைக்குடி ஆடிட்டரின் கேள்வி – பதில்

கேள்வி (வாசகர், தேவகோட்டை): தங்கை மகன் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து கிரிக்கெட்டுக்கு ஒரு ‘பெட்டிங் எக்ஸ்சேஞ்ச்’ ஆப் தொடங்கப் போகிறானாம். என்னிடம் எட்டு லட்சம் கேட்கிறான். “அம்மான், நாங்க பந்தயம் கட்டப் போறதில்லை. கட்டுற ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் மட்டும் எடுத்துக்குவோம். புரோக்கர் மாதிரிதான். ஒரு தீவு நாட்டுல லைசென்ஸும் கிடைக்கும்” என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பையன் சொல்லும் விளக்கத்தில் பொய் இல்லை. இந்த முறையைப் பெரிய தொழிலாக்கியது லண்டனில் 2000-ல் தொடங்கிய பெட்ஃபேர். ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இருவர் ஆரம்பித்தது. ஒரு அணி ஜெயிக்கும் என்று ஒருவர் கட்டுவது ‘பேக்’. ஜெயிக்காது என்று எதிரில் நிற்பது ‘லே’. இருவரின் பணத்தையும் நிறுவனம் பிடித்து வைத்திருந்து, ஜெயித்தவரின் லாபத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அங்கே நெடுங்காலம் 5 சதவீதம்தான் வழக்கமான கமிஷன். பின்னால் வந்த ஸ்மார்கெட்ஸ் 2 சதவீதத்துக்கு இறங்கியது. புதிதாக வருகிற சின்ன நிறுவனம் அதற்கு மேல் கேட்க முடியாது.

சரி, மருமகனை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டுகிறார்கள். ஜெயித்தவர் லாபம் ஆயிரம், உங்கள் கமிஷன் இருபது ரூபாய். நாலு பேர் சம்பளம், சர்வர், பந்துக்குப் பந்து ஸ்கோர் தருகிறவனுக்குக் கட்டணம் என்று சிக்கனமாக மாதம் நாலு லட்சம் செலவு வைத்துக்கொள்வோம். அதை எடுக்க மாதம் 20,000 ஜோடிப் பந்தயம் சேர வேண்டும். தினம் அறுநூறுக்கு மேல். ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கட்டுகிறவன் நிகர லாபத்துக்கு மட்டும்தான் கமிஷன் தருவான். அவனிடம் இருபதுகூடத் தேறாது.

சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவன் வாங்க ஆள் இருக்கும் சந்தையைத்தான் தேடுவான். பந்தயத்திலும் அப்படித்தான். உங்கள் ஆப்பில் ஒருவர் ஐயாயிரம் ‘பேக்’ போட்டுவிட்டு எதிர் ஆள் வராமல் பத்து நிமிடம் காத்திருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார். இங்கிலாந்திலேயே கூட்டம் கூட்டத்தைத் தேடிப் போனது. பெட்ஃபேரோடு போட்டிக்கு வந்த ஃப்ளட்டர் அதனோடேயே இணைந்தது. பெட்டாக் என்ற இன்னொன்றை 2013-ல் லாட்புரோக்ஸ் என்ற பெரிய பந்தயக் கம்பெனி வாங்கியது.

ஆள் வராதபோது சின்ன நிறுவனத்துக்கு ஒரு ஆசை வரும்: எதிர்ப்பக்கம் நாமே நின்றுவிடலாமே என்று. அன்றைக்கே புரோக்கர் புக்கியாகிவிடுகிறார். நம் ஊர்களில் வாட்ஸ்அப்பில் ‘ஐடி’ கொடுத்து ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று நடத்துகிறார்களே, பலவற்றில் எதிர்ப்பக்கம் ஆளே இல்லை. திரையில் ஓடுவது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் பந்தய விலையின் நகல். வாடிக்கையாளர் தோற்கிற பணத்தில் மேலே இருக்கிற ஏஜென்டுக்குப் பங்கு.

இன்னொரு ஆசை இதைவிட மோசம்: வாடிக்கையாளர் பணத்தில் கை வைப்பது. இங்கிலாந்தில் ஸ்போர்ட்டிங் ஆப்ஷன்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2004-ல் திவாலானபோது, வாடிக்கையாளர் பணம் தனியாக நிற்கவில்லை என்பது தெரிய வந்தது. இதை நான் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். 2025-ல் புதிய சட்டம் வருவதற்கு முன்பு, ‘நாளை மழை வருமா’ என்பது போன்ற கேள்விகளுக்குப் பணம் கட்டும் ஆப் நடத்திய இளைஞர் ஒருவர் கணக்குப் பார்க்க என் அலுவலகத்துக்கு வந்தார். மரியாதையான பையன். பேங்க் ஸ்டேட்மென்டை மேஜையில் விரித்தோம். விளையாடியவர்களின் டெபாசிட் 11 லட்சம் ஏறிய அதே கணக்கிலிருந்து அலுவலக வாடகை, இரண்டு பேர் சம்பளம், இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாம் இறங்கியிருந்தன. பென்சிலால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டேன். மூன்றாவது பக்கத்தில் அவரே, “போதும் சார்” என்றார். திருட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. மாதக் கடைசியில் கமிஷன் போதவில்லை, கை நீண்டுவிட்டது.

இனி சட்டம். 2023 அக்டோபர் 1 முதல் பந்தயத்துக்குப் போடும் டெபாசிட் முழுவதுக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆயிரத்துக்கு 280, இரண்டு பேருக்கும் சேர்த்து 560 ரூபாய் வரி. உங்கள் கமிஷனோ இருபது. இந்தத் தொழில் அன்றைக்கே முடிந்தது என்பேன். அதற்கு முன்பே தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் பந்தயத்தைத் தடை செய்திருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமாக ஆன்லைன் கேமிங் சட்டம் நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதன்படி பண விளையாட்டு நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம். இந்தியாவில் இருப்பவருக்கு வெளிநாட்டிலிருந்து நடத்தினாலும் சட்டம் பாயும். தீவு லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கலாம், வேறு பயனில்லை.

மருமகனை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். வேறு தொழில் ஒன்றோடு வந்தால் கணக்கை நானே பார்த்துத் தருகிறேன்.

கேள்வி (வாசகர், கானாடுகாத்தான்): இங்கிலாந்தில் அனுமதித்து வரி வாங்குகிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் என்ன?

பதில்: நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அங்கே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேம்பிளிங் கமிஷன் என்ற அமைப்பு உரிமம் தருகிறது. நிறுவனம் திவாலானால் உங்கள் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை, பாதுகாப்பே இல்லை, நடுத்தரம், உயர்வு என்று மூன்று படியில் ஒன்றைச் சொல்லித் தெரிவிக்க வேண்டும். ‘பாதுகாப்பே இல்லை’ என்று சொல்லிவிட்டுக்கூட நடத்தலாம் என்பதைக் கவனியுங்கள். கால்பந்து வீரர்களைப் பங்குபோல் வாங்கி விற்க வைத்த ஃபுட்பால் இண்டெக்ஸ் உரிமம் உள்ள நிறுவனம்தான். 2021 மார்ச்சில் சரிந்தது. நம்பிப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜென்டுக்கு உதவியாளராக இருந்தவர். அவர் எழுதிய பேரேடு ஒன்று வளவில் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, பக்கத்துக்குப் பக்கம் ஒரு பேர். டெபாசிட் போட்டவர் பற்று வரவு அவர் பக்கத்தில், கோயில் மகமை அதன் பக்கத்தில். கடைக்காரர் வீட்டுச் செலவுக்கு எடுத்த இரண்டு ரூபாய்க்கும் அவர் பேரில் பற்று. பிறத்தியார் பணத்தை இப்படிப் பிரித்து வைத்து, அதை வெளியாள் ஒருவர் மாதாமாதம் பார்க்கும் ஏற்பாடு இங்கே வருகிற வரைக்கும் அனுமதி கொடுக்கச் சொல்லி என்னால் கேட்க முடியாது. அந்தச் செலவைச் சின்ன நிறுவனம் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி (வாசகர், புதுவயல்): ஆப்பில் ஜெயித்த 40,000 ரூபாயைத் தர மறுக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணம் கேட்டு வழக்கு நிற்காது. மத்தியச் சட்டம் விளையாடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைன் பந்தயம் கட்டியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. வக்கீலைப் பார்க்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வாசகி, பள்ளத்தூர்): மகன் கல்லூரி முதலாண்டு. மாதம் ஐயாயிரம் தருகிறோம் என்று யாரோ சொல்ல, பேங்க் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டான். இப்போது கணக்கு முடங்கிவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: ஆச்சி, இந்த வாரக் கேள்விகளில் என் மனதில் தங்கியது உங்களுடையதுதான். பந்தய ஆப்காரர்கள் பணத்தை இறக்கி ஏற்ற இப்படித்தான் பிள்ளைகளின் கணக்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஏமாந்த ஒருவர் புகார் கொடுத்தால் முதலில் தெரிவது உங்கள் மகன் பெயர்தான்.

இன்றே கிளைக்குப் போய், கார்டும் சிம்மும் இன்னாரிடம், இன்ன தேதியில் போயின என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் வக்கீல் ஒருவரோடு சைபர் கிரைம் போலீசிடம் நீங்களே போங்கள், அவர்கள் தேடி வருகிற வரை இருக்க வேண்டாம். பயத்தில் வாட்ஸ்அப் சாட்டைப் பையன் அழித்துவிடப் போகிறான், போனை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டார்கள், எப்படி ஏமாற்றினார்கள் என்பதற்கு அவனிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.