கேளுங்க, சொல்றேன்: அடிக்கிற கைதான் அணைக்கும்

கேள்வி: ஒரு துகள் ஆற்றல் கிணத்துல மாட்டிக்கிட்டா வெப்பம் அதை மேல தள்ளி வெளிய விடும்னு புரியுது. உராய்வும் அதுக்கு உதவும்னு எங்க புரொஃபசர் சொல்றாரு. உராய்வுன்னாலே வேகத்தைக் குறைக்கிற சமாச்சாரம்தானே, அவரு வாய் தவறிச் சொல்லிட்டாரா?

பதில்: வாய் தவறலைங்க, சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா "ஒரு அளவு வரைக்கும்"னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா நீங்க இவ்வளவு குழம்பியிருக்க மாட்டீங்க.

கிணறுன்னதும் நிஜக் குழின்னு நினைக்க வேணாம். ஆற்றல் குறைவா இருக்கிற ஒரு நிலை, அதைத் தாண்டிப் போகணும்னா நடுவுல ஒரு மேடு, அவ்வளவுதான். ரெண்டு அணு பிணைஞ்சு கிடக்கிறதும் சரி, ஒரு புரோட்டீன் மடிஞ்சு உக்காந்திருக்கிறதும் சரி, எல்லாம் இந்தக் கணக்குல வந்துடும்.

இப்ப அந்தத் துகள் தண்ணிக்குள்ள இருக்குன்னு வைங்க. சுத்தி இருக்கிற தண்ணி மாலிக்யூல் எல்லாம் நாலா பக்கமும் ஓயாம முட்டிக்கிட்டே இருக்கும், துகள் ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சா முன்பக்கம் விழுற அடி பலமாயிடும், அதனால வேகம் குறையுது, அதுக்கு நாம வச்ச பேருதான் உராய்வு. அதே துகள் சும்மா நின்னாலும் இந்தப் பக்கம் ஒரு அடி கூட, அந்தப் பக்கம் ஒரு அடி குறைச்சல்னு கணக்கு மாறிக்கிட்டே இருக்கிறதால அது துள்ளிக்கிட்டே இருக்கு. 1827-ல ராபர்ட் பிரௌன் மைக்ராஸ்கோப்புல பார்த்தது இந்தத் துள்ளலைத்தான், 1905-ல ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டு விளக்கினதும் இதைத்தான். ஆக வேகத்தை உறிஞ்சுறதும் உதைச்சு வேகம் குடுக்கிறதும் ஒரே மாலிக்யூல் கூட்டம். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்வாங்களே, அது இங்க அப்படியே பொருந்துது. டெம்பரேச்சரை மாத்தாம உராய்வை மட்டும் குறைச்சீங்கன்னா உதையும் சேர்ந்து குறைஞ்சிடும், ஒண்ண விட்டு ஒண்ணு வராது.

(உரசினா சூடு வரும், அந்தச் சூட்டுல தப்பிக்குதுன்னு சில பேர் எழுதிக் கேக்குறாங்க. அது இல்லைங்க, இங்க டெம்பரேச்சர் ஏறவே இல்ல.)

சரி, உராய்வே இல்லாம வெற்றிடத்துல அந்தத் துகளை விட்டா? உதைக்க ஆளே இல்ல. கையில இருக்கிற ஆற்றலை வச்சுக்கிட்டு குழிக்குள்ளயே இப்படியும் அப்படியும் ஆடும், அந்த ஆற்றல் மேட்டை விடக் கம்மின்னா ஆயுசுக்கும் ஆட வேண்டியதுதான். கொஞ்சூண்டு வாயு உள்ள விட்டா எப்பவாவது ஒரு உதை விழும், கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஒரு நாள் மேட்டைத் தாண்டிடும். இந்தக் கட்டத்துல உராய்வு ரெண்டு மடங்கானா தப்பிக்கிற வேகமும் ரெண்டு மடங்கு. உங்க புரொஃபசர் சொன்னது இதைத்தான்.

ஆனா கிளிசரின் மாதிரி கெட்டியான திரவத்துல போட்டா கதை தலைகீழ். உதைக்குப் பஞ்சமே இல்ல, நகரத்தான் முடியல. தட்டுத் தடுமாறி மேட்டு உச்சிக்கே வந்தாலும் அங்கயே முன்னும் பின்னுமா அல்லாடி பாதி நேரம் பழைய குழிக்கே திரும்பிடும். இங்க உராய்வு கூடக் கூட தப்பிக்கிறது குறையுது. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு உச்சம் இருந்தாகணும் இல்லையா? டச்சு விஞ்ஞானி ஹென்ட்ரிக் கிராமர்ஸ் 1940-ல இந்த ரெண்டு ஓரத்துக்கும் ஃபார்முலா எழுதிட்டாரு, நடுப்பகுதியை ஒழுங்கா இணைக்க மெல்னிகோவ், மெஷ்கோவ்னு ரெண்டு பேர் 1986-ல வர வேண்டியதாப் போச்சு. 2017-ல ஒரு நானோ சைஸ் சிலிக்கா உருண்டையை லேசர் ஒளியால அந்தரத்துல நிறுத்தி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழி உண்டாக்கி, வாயு அழுத்தத்தை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. தாவுற வேகம் முதல்ல ஏறி அப்புறம் இறங்குச்சு. எனக்கு இந்தச் சோதனை மேல தனிப் பிரியம், ஏன்னா அழுத்தம்ங்கிற ஒரே குமிழைத் திருப்பி மொத்தக் கதையையும் கண்ணால காட்டிட்டாங்க.

கேள்வி: அப்போ வெப்பமா உராய்வா, யாருக்கு பவர் ஜாஸ்தி?

பதில்: வெப்பத்துக்குத்தான், போட்டியே இல்ல. உராய்வு ஃபார்முலாவுல முன்னாடி பெருக்குற எண், வெப்பம் அடுக்குல (எக்ஸ்பொனென்ட்ல) போய் உக்காந்திருக்கு, ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் 1889-லயே இதைப் பிடிச்சுட்டாரு. சராசரி வெப்ப ஆற்றலை, அதாவது போல்ட்ஸ்மன் எண்ணையும் டெம்பரேச்சரையும் பெருக்கி வர்றதை, ஒரு அளவுகோலா வச்சுக்கோங்க. மேடு அதைப் போல 20 மடங்கு உயரம், துகள் நொடிக்கு லட்சம் கோடி தடவை முட்டிப் பாக்குதுன்னா சுமார் அரை மில்லி செகண்டுல வெளிய வந்துடும். மேட்டை 40 மடங்காக்குங்க, கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும்! உயரம் ரெண்டு மடங்குதான் ஆச்சு, நேரம் எங்க போச்சு பாருங்க. இதே மாதிரி, அரை எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல ஆற்றலை அளக்கிற அலகு) மேட்டுக்கு 300 கெல்வினை 310 ஆக்கினாலே தப்பிக்கிற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காயிடும்.

கேள்வி: உராய்வு இருக்கு, வெப்பம் சுத்தமா பூஜ்யம். அப்பவும் தப்பிக்குமா?

பதில்: உதையே இல்லாத உராய்வு அது, துகள் நேரா அடியில போய் உக்காந்துடும். குவாண்டம் டனலிங்னு ஒரு பின்வாசல் மட்டும் இருக்கு, மேடு ஏறாமயே ஊடுருவிப் போற வழி. ஆனா அந்த வழியில உராய்வு உதவாது, கெடுக்கத்தான் செய்யும்னு இயற்பியல் விஞ்ஞானிங்க கால்டெய்ராவும் லெகெட்டும் 1981-ல காட்டிட்டாங்க.