பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்தான், வீட்டுக் கம்ப்யூட்டர் இழுக்கிறது, என்ன செய்வது? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு, அது இரண்டாவது கேள்வியில் வருகிறது.

தங்கச்சிமடம் வாசகி: எட்டு வருடக் கம்ப்யூட்டர். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு உலை வைத்தால் சோறு கொதிக்கும் வரை திரையில் வட்டம் சுற்றுகிறது. கடையில் ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. புதிதாக வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள், முதலில் எது இழுக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று மூன்று சதவீதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அநேகமாக சிபியு 10, 15-ல் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியென்றால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க்.

அதற்குள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது, ஒரு ஊசிமுனை அதன் மேல் இங்கும் அங்கும் ஓடி எடுத்து வருகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 10 மில்லிசெகண்ட் போல ஆகும். விண்டோஸ் எழுந்து நிற்க ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் வேண்டும், நீங்களே பெருக்கிப் பாருங்கள். எஸ்எஸ்டி என்ற புது ரக டிஸ்க்கில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, கேட்டதும் கொடுத்துவிடும். ஃபார்மட் அடித்தபின் ஒரு மாதம் ஓடியதும் இதனால்தான்: அப்போது டிஸ்க்கிடம் கேட்க ஆள் குறைவு, அப்புறம் ஒவ்வொரு புரோகிராமாக வந்து வரிசையில் நின்றுகொண்டது.

ஆகவே ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அதில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம், படங்களுக்கு அது போதும். ஆனால் வேலை தொடங்கும் முன் கல்யாண ஃபோட்டோ, மகளின் ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் தனியாக ஒரு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள், கடைக்காரர் எடுத்து வைப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். மெமரியும் 80, 90-ல் நின்றால் ரேம் 4 ஜிபியாக இருக்கும், 8 ஆக்குங்கள். டிடிஆர்3 ரக ரேம் போடும் இடத்தில் டிடிஆர்4 ரகம் நுழையாது, ஆகவே கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. செலவு செய்ய மனமில்லையா, அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் தெரிந்த பெயர்களில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான்.

பாம்பன் வாசகர்: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் ஆனால் ஃபேன் கத்துகிறது, பாட்டு கேட்டாலும் திணறுகிறது. எஸ்எஸ்டி போட்டும் பயனில்லை.

உங்களுக்கு வேண்டியது பிரஷ். ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த எஸ்எஸ்டி போட்டாலும் அதை மாற்ற முடியாது.

போன வருடம் மண்டபத்தில் ஒரு உறவினர் வீட்டில் இதே கதை. கடலைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே கேபினட். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னல் வழியே என்னவெல்லாம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்து ஃபேனைக் கழற்றினேன். கீழே அலுமினியத் தகடுகள் இருப்பதே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று போர்த்திக்கொண்டு கிடந்தது. கடல் இல்லாத ஊர்த் தூசி ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை, உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, நகத்தால் உரித்துத்தான் எடுத்தேன். இதற்கு முன் பார்த்த கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், மூடியைத் திறந்த அடையாளமே இல்லை!

செய்ய வேண்டியது இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முற்றத்துக்குக் கொண்டுபோய், புது பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ப்ளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் அது கெடும். ரேமின் தங்க நிறப் பற்களில் கறை தெரிந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஈரத் துணி ஆகவே ஆகாது. ப்ராசஸருக்கும் அந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். பழசைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதுசு வைத்தால் போதும், பழக்கமில்லை என்றால் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்புறம் பெட்டியை அந்த ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். தூசி படாமல் துண்டு போட்டு மூடுகிற பழக்கம் நல்லதுதான், ஓடும்போதும் மூடி வைத்திருக்கிற வீடுகளை என்ன சொல்வது!

கீழக்கரை வாசகர்: “உங்கள் கணினியில் 1200 பிழைகள், வேகமாக்க இங்கே அழுத்துங்கள்” என்று அடிக்கடி வருகிறது. அழுத்தலாமா?

கூடாது. அது உங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னதில்லை, எல்லோருக்கும் அதே 1200 தான். ஏற்கெனவே அப்படி எதையாவது ஏற்றியிருந்தால் நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் வெளியிலிருந்து வந்ததை எடுத்துவிடலாம், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். இன்னொன்று, விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, அடுத்த முறை சீக்கிரம் எழ ஒரு பகுதியை எழுதி வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், அதுதான் உண்மையான குளியல்.

தொண்டி வாசகர்: நண்டு கம்பெனி கணக்கு எழுதும் பழைய மெஷின். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. லினக்ஸ் போடலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் வருவது, 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். பழசில் மறுப்பது அதனால்தான். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது, அதில் ஒரு ரகமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும், இலவசம், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், எதையும் அழிக்காது. ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் அவசரப்படாதீர்கள், அந்த ஒரு மெஷினை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம். பிரிண்டரையும் பென்டிரைவில் ஓட்டும்போதே சோதித்துவிடுங்கள். பழைய கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலை எடுத்துப் போட்டாலே போதும்.

ஏர்வாடி வாசகி: மற்றதெல்லாம் சரி, யூடியூப் மட்டும் நின்று நின்று ஓடுகிறது.

அதே இடத்தில், அதே வைஃபையில் ஃபோனில் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால் கம்ப்யூட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். மோடத்தை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள்.