ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் போடாவிட்டால் தையலில் சீழ் பிடிக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். டாக்டர்கள் மாஸ்க் போடுவதால் புண்ணில் தொற்று குறைவதில்லை என்று படித்தேன். உண்மையா?

பதில்: நீங்கள் படித்தது கட்டுக்கதை இல்லை. 1897இல் பிரெஸ்லாவில் (இன்று போலந்தில் உள்ள நகரம்) மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் வாயை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு ஆபரேஷன் செய்தார். பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகளில் கிருமி இருப்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. அதன் பிறகு வந்த பழக்கத்தைப் பல காலம் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1991இல் ஸ்வீடனில் வெளியான ஆய்வில் 3,088 நோயாளிகள். மாஸ்க் போட்டுச் செய்த ஆபரேஷன்களில் 4.7 சதவீதம் பேருக்குத் தொற்று, போடாமல் செய்தவற்றில் 3.5 சதவீதம். மாஸ்க்தான் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். புண்ணைக் கெடுக்கும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே வருகிறது என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமும் இல்லை.

அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடலாமா? கூடாது. ஹெர்னியாவில் பெரும்பாலும் உள்ளே மெஷ் என்ற வலைத்துண்டு வைப்பார்கள். இப்படி உடலுக்குள் தங்கும் பொருளில் தொற்று வந்தால் ஆற்றுவது கடினம், எனவே அந்த ஆய்வை வைத்துத் துணிச்சல் காட்ட முடியாது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுபவருக்கும் மாஸ்க் அவசியம். அவர் வாயிலிருந்த கிருமியால் நோயாளிக்கு மூளைக்காய்ச்சல் வந்த சம்பவங்கள் உண்டு. அப்புறம், தெறிக்கும் ரத்தம் டாக்டரின் வாயில் படாமலும் அது காக்கிறது.

சரி, டாக்டரிடம் என்ன கேட்பது? மாஸ்க் பேச்சை விட்டுவிடுங்கள். முதலில் அப்பாவின் சர்க்கரை. ஆபரேஷன் நாளிலும் அடுத்த நாட்களிலும் அது கட்டுக்குள் இருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அடுத்தது, முடி. முந்தின நாள் வீட்டிலேயே ரேசரால் மழித்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும். வேண்டுமென்றால் மருத்துவமனையில் டிரிம்மரால் வெட்டட்டும். ஆன்டிபயாடிக் ஊசி தேவையென்றால் கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆபரேஷன் முடிந்தபின் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து நாள் மாத்திரை விழுங்குவதில் பயனில்லை. புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது.

வீடு திரும்பியபின் தையல் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். மெஷ் வைத்திருந்தால் 3 மாதம் வரை இந்தக் கவனம் வேண்டும்.