கனமான பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்: பெயருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். எங்கள் சூப்பர்மார்க்கெட்டில் செப்டம்பர் மாத ஒயின் தள்ளுபடி விற்பனை நடக்கிறது. 'ஷாத்தோநெஃப் து பாப்' என்ற ஒரே பெயரில் இரண்டு பாட்டில்கள் பார்த்தேன். ஒன்று 17 யூரோ, மற்றது 38 யூரோ. கணவரின் மேலாளர் வீட்டு விருந்துக்கு எடுத்துப் போக வேண்டும். விலை குறைந்தது போலியா? எனக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்கள்.

பதில்: போலி இல்லை. இரண்டுமே அந்தப் பெயரைப் போடச் சட்டப்படி தகுதி பெற்றவைதான். ஆனால் 17 யூரோ பாட்டிலை நான் வாங்க மாட்டேன். காரணம் புரிய அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷாத்தோநெஃப் து பாப், தெற்கு பிரான்சில் அவிஞோன் நகருக்கு வடக்கே ரோன் ஆற்றை ஒட்டிய சிறிய ஊர். 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் இங்கே ஒரு கோட்டை கட்டினார். பெயரில் உள்ள 'பாப்' அந்தப் போப்தான். 1920களில் லெ ருவா என்ற பிரபுவின் தலைமையில் ஊர் விவசாயிகள், எந்த நிலத்தில் எந்தத் திராட்சை போடலாம், எப்படி அறுக்கலாம் என்று தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். 1936இல் பிரான்ஸ் அரசு ஊர்ப்பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கத் தொடங்கியபோது முதல் வரிசையில் இடம்பிடித்தது இந்த ஊர். (விதி போடுவதில் இவர்களுக்கு அலாதி ஆர்வம். பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று 1954இல் மேயர் போட்ட உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை.)

விதிப்படி 13 வகைத் திராட்சைகளைக் கலக்கலாம். அவற்றில் சில வெள்ளைத் திராட்சைகள், அவற்றையும் சிவப்பு ஒயினில் சேர்க்க அனுமதி உண்டு. நடைமுறையில் பெரும்பாலான பாட்டில்களில் பெரும்பங்கு இருப்பது கிரெனாஷ். மெல்லிய தோல், தாமதமாகப் பழுக்கும் ரகம். வெயிலில் நன்றாகக் கனிந்து சர்க்கரை ஏறும், புளிக்கும்போது அந்தச் சர்க்கரைதான் மதுசாரமாக மாறுகிறது. 14.5, 15 சதவீதம் என்று லேபிளில் இருப்பது அதனால்தான். வாயில் கனமாக, சூடாக, லேசான இனிப்புச் சாயலோடு நிற்பதும் அதனாலேயே. ஆனால் கிரெனாஷுக்கு நிறமும் துவர்ப்பும் குறைவு. நிறத்தையும் மிளகுக் காரத்தையும் சிரா என்ற ரகம் தருகிறது. முர்வெத்ர் என்ற ரகம் தருவது துவர்ப்பும் தோல் பதனிடும் இடத்து வாசமும், கூடவே பல வருடம் தாங்கும் பலமும். இந்த மூன்றின் கூட்டணி எப்படி அமைகிறது என்பதில்தான் தயாரிப்பாளரின் கைவண்ணம் தெரியும். விதிவிலக்கும் உண்டு: ஊரிலேயே மிகப் பிரபலமான ஷாத்தோ ராயாஸ் என்ற பண்ணையின் ஒயின் ஏறக்குறைய முழுக்கக் கிரெனாஷில் செய்வது.

இப்போது விலைக்கு வருவோம். இங்கே ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 35 ஹெக்டோலிட்டர் (ஒன்று 100 லிட்டர்) ஒயின்தான் எடுக்கலாம், அறுவடையும் கையால்தான் செய்ய வேண்டும். பக்கத்தில், 'கோத் து ரோன்' என்ற பொதுவான வட்டாரப் பெயரில் விற்கும் நிலங்களில் 50 ஹெக்டோலிட்டரைச் சுற்றி எடுக்கலாம், இயந்திரமும் விடலாம். ஆக, இந்த ஊரில் செலவு இயல்பாகவே அதிகம். அப்படியிருந்தும் 17 யூரோவுக்கு ஒரு பாட்டில் வருகிறதென்றால், பெரும்பாலும் அது மொத்த வியாபாரி பலரிடமிருந்து மிச்ச ஒயினை வாங்கிக் கலந்து அடைத்ததாக இருக்கும். அது கெட்டுப்போன ஒயின் இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் காசில் பாதி லேபிளில் உள்ள ஊர்ப்பெயருக்கே போகிறது.

அதே 17 முதல் 22 யூரோவுக்கு நான் ஜிகொந்தாஸ் வாங்குவேன். கிழக்கே, மோன்மிராய் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. 1971 வரை கோத் து ரோன் பெயரில்தான் விற்றார்கள், பிறகுதான் தனிப்பெயர் கிடைத்தது. திராட்சைகள் ஏறக்குறைய அதேதான். மலைக்காற்றால் கொஞ்சம் குளிர்ச்சி கூடுதல் என்பதால் ஒயின் திடமாக இருந்தாலும் மந்தமாக இருப்பதில்லை. விலையில் அதற்கும் கீழே இறங்கினால் வக்கெராஸ் என்ற பக்கத்து ஊர் இருக்கிறது. 2016இல் தனிப்பெயர் பெற்ற கேரான் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிராக் இருக்கிறது. என்னைக் கேட்டால், லிராக்கை மக்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை, வாங்குகிறவருக்கு அது லாபம்.

விருந்துக்கு எது என்று கேட்டீர்கள். மேலாளருக்கு ஒயினில் ஈடுபாடு உண்டு என்றால் தோட்டத்துக்காரரே அடைத்த ஜிகொந்தாஸ் போதும், அவருக்கு அதன் மதிப்பு தெரியும். தெரியாதவர் என்றால் பிரபலமான பெயருக்குத்தான் மரியாதை, அப்போது 38 யூரோ பாட்டிலே சரி.

உங்களுக்காகப் பழக வேண்டுமென்றால், 8 யூரோ கோத் து ரோன் ஒன்றும் ஜிகொந்தாஸ் ஒன்றும் வாங்கி, ஒரே மாலையில் அடுத்தடுத்துச் சுவைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். 16, 17 டிகிரியில் குடிக்க வேண்டும். கோடையில் சமையலறைச் சூட்டிலேயே விட்டால் மதுசார நெடிதான் மூக்கில் ஏறும், எனவே குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

கேள்வி: 'வியேய் விஞ்', 'தங்கப் பதக்கம்', 'கிராண் வான்' என்று லேபிளில் நிறைய எழுதியிருக்கிறதே. எதை நம்புவது?

பதில்: 'வியேய் விஞ்' என்றால் பழைய கொடிகள். எத்தனை வருடம் ஆனால் பழையது என்று சட்டம் சொல்லவில்லை. பதக்க ஸ்டிக்கர் என்றால் எந்தப் போட்டி, எந்த அறுவடை ஆண்டு என்று பாருங்கள். 'கிராண் வான்' வெறும் அலங்காரம்.

நான் முதலில் தேடுவது 'மீ ஆன் புத்தேய் ஓ தோமேன்' என்ற வரியை. திராட்சை விளைந்த பண்ணையிலேயே அடைத்தது என்று பொருள். 'தோமேன்', 'ஷாத்தோ' இரண்டும் சும்மா போடக்கூடிய சொற்கள் இல்லை, சொந்த விளைச்சலில் செய்த ஒயினுக்கு மட்டுமே ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கிறது. ஷாத்தோநெஃப் பாட்டிலின் தோளில் போப்பின் சின்னமான சாவிகள் புடைத்திருப்பதும் ஒரு நல்ல அடையாளம், ஆனால் அது கட்டாயமில்லை. ஆண்டைப் பொறுத்தவரை 2016, 2019 இரண்டும் தெற்கு ரோனுக்கு நல்ல வருடங்கள். 2021இல் ஏப்ரல் உறைபனி அடித்தது, ஒயின்களும் கொஞ்சம் மெலிவு.

கேள்வி: ஆட்டிறைச்சிக் குழம்போடு குடித்தேன், வாய் எரிந்தது. ஒயின் கெட்டுவிட்டதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அது ஒயினின் குற்றமில்லை. 15 சதவீத மதுசாரம் மிளகாய்க் காரத்தை இரட்டிப்பாக்கும், துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். காரம் குறைத்த வறுவல், மிளகு போட்ட சுட்ட ஆட்டுக்கால் என்றால் பொருந்தும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் மட்டும் கார்க்கில் கோளாறு. பாட்டிலை முடிக்காமல், கார்க்கோடும் ரசீதோடும் கொண்டுபோங்கள், நல்ல கடை பேசாமல் மாற்றித் தரும். பிடிக்கவில்லை என்பதற்காகக் கடையில் வாங்கியதைத் திருப்பித் தர உரிமை இல்லை. இணையத்தில் வாங்கித் திறக்காமல் வைத்திருந்தால் 14 நாட்களுக்குள் திருப்பலாம்.

கேள்வி: புதுச்சேரியில் உள்ள அண்ணனுக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்?

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. மூன்றாவதற்குச் சுங்கம் கட்ட வேண்டும், ஒயினுக்கு அது மிகக் கடுமை. பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் காரில் விட்டுவிடாதீர்கள், அந்த வெயிலில் ஒரு மத்தியானம் போதும் ஒயின் வெந்துவிடும்.