எரிவாயு எடுக்க நிலம் கேட்டு வந்தால்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: குள்ளஞ்சாவடி பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. மல்லாட்டையும் (நிலக்கடலை) சவுக்கும் போடுகிறேன். எரிவாயு எடுக்க நிலம் வேண்டும், இருபது வருட லீஸ், கிடைக்கிற கேஸில் பங்கு, முன்பணம் ஐம்பதாயிரம் என்று ஒரு தரகர் வந்து பத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் படத்தை அனுப்பியுள்ளேன். கையெழுத்துப் போடலாமா? போட்டால் எவ்வளவு கேட்பது?

பதில்: ஐயா, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணத்தையும் கையில் வாங்காதீர்கள்.

கேஸில் பங்கு என்ற பேச்சே நம் ஊரில் கிடையாது. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு எடுக்க உரிமமும் குத்தகையும் கொடுப்பது 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல் சட்டப்படி அரசுதான். தரையில் எடுக்கும் எரிவாயுவுக்கான ராயல்டி, அதாவது எடுப்பதற்காகக் கட்டும் உரிமைத்தொகை, மாநில அரசுக்குப் போகிறது, பட்டாதாரருக்கு அல்ல. அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி எரிவாயு நிலக்காரருக்கே சொந்தம். பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் ராயல்டி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த ஊர் வீடியோவைக் காட்டி இங்கே ஆசை காட்டுகிறார்கள். மலபார் நிலங்கள் பற்றிய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் நிலத்தடிக் கனிமம் பொதுவாக நிலக்காரருக்கே என்று சொன்னதையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அதை வைத்து நீங்களோ தரகரோ எரிவாயு தோண்ட அனுமதி கொடுத்துவிட முடியாது.

சரி, அந்தப் பத்திரம் எதற்கு? இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். ‘மேற்படி பூமியின் மேலும் கீழும் உள்ள சகல பாத்தியங்களையும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும், தாங்கள் விரும்பியவருக்குப் பராதீனம் செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி. பராதீனம் என்றால் விற்பது போலக் கைமாற்றுவது. கடைசிப் பக்கத்தில் ரத்து செய்ய முடியாத பொது அதிகாரம் (பவர் பத்திரம்). இந்த இரண்டும் சேர்ந்தால் உங்கள் இரண்டரை ஏக்கரையும் அவர் யாருக்கு வேண்டுமானாலும் கைமாற்றிவிடப் பார்க்கலாம். கேஸ் வருமா வராதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் ஊரைத் தேடி வந்ததற்கும் காரணம் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கப்பட்ட ஒரு ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) வட்டாரம் குள்ளஞ்சாவடியில் தொடங்கி தரங்கம்பாடி வரை போகிறது. 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது. ஆனால் கடலூர் மாவட்டத்தில் அது காட்டுமன்னார்கோவில், குமராட்சி, மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்களுக்குத்தான். குள்ளஞ்சாவடி அதற்கு வெளியே. பாகூர் பக்கம் நிலம் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். இந்த வேளாண் மண்டலச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டம், பாகூர் இருக்கும் புதுச்சேரி எல்லைக்குள் செல்லாது. பக்கத்து வரப்பு கடலூர் மாவட்டமாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே நாளைக்கு உண்மையான நிறுவனமே வரலாம். வந்தால், அவர்கள் பெயரில் உள்ள உரிமத்தின் நகல், சுற்றுச்சூழல் அனுமதியின் நகல், எந்த சர்வே எண்ணில் எவ்வளவு இடம் என்று காட்டும் வரைபடம் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். 2020 ஜனவரிக்குப் பிறகு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஆகவே ‘ஊரில் கூட்டம் எதுவும் நடக்கவில்லையே’ என்று நீங்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

உங்களிடம் கொடுக்க இருப்பது மேல் நிலம் மட்டும்தான், அதுவும் சில ஆண்டுகளுக்கு. ஆகவே பேச வேண்டியதெல்லாம் நிலம் எந்த நிலையில் திரும்பி வரும் என்பதைப் பற்றி. வாடகையை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம், எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். ரிக் (துளையிடும் இயந்திரம்) நிற்கவும் லாரி வரவும் சில ஏக்கரில் கிராவல் கொட்டி இறுக்குவார்கள், கிணற்றைச் சுற்றி கான்கிரீட் தொட்டி கட்டுவார்கள், தோண்டும் சேற்றுக்கும் கழிவு நீருக்கும் குழி எடுப்பார்கள். வேலை முடிந்து வேலியைப் பிரித்துக்கொண்டு போனால், அந்த இடத்தில் கலப்பை இறங்காது. மல்லாட்டைக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டாமா?

ஆகையால் இவற்றை ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதச் சொல்லுங்கள்: மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து வைத்து, முடிவில் அதையே பரப்ப வேண்டும். கிராவலும் கான்கிரீட்டும் முழுவதும் போக வேண்டும். கழிவுக் குழியை அப்படியே மண் போட்டு மூடக் கூடாது, உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு போக வேண்டும். கிணற்றை சிமென்ட் வைத்து அடைத்து, இரும்புக் குழாயைக் கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் வெட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்து நீங்கள் கையெழுத்திட்டு நிலத்தைத் திரும்பப் பெறும் நாள் வரை வாடகை ஓட வேண்டும், தோண்டும் வேலை முடிந்த நாளோடு நிற்கக் கூடாது.

எவ்வளவு கேட்பது என்றீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிய தொகையைப் பார்க்காதீர்கள். உங்கள் மல்லாட்டையில் ஆண்டுக்கு நிற்கும் வருமானம், பாதியில் வெட்டினால் சவுக்கில் போகும் தொகை, நிலம் திரும்பிய பிறகு மண் தேறும் வரை விளைச்சல் குறையும் ஆண்டுகள், இவற்றைக் கூட்டினால் வருவதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நோட்டரி கையெழுத்து மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் குத்தகை நிபந்தனைகளை நிலைநாட்ட முடியாது. அரசு வழியாகத் தற்காலிகமாக எடுத்தால் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு வரும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நிலம் பழையபடி பயிருக்கு உதவாமல் போய்விட்டால், ‘நீங்களே நிரந்தரமாக எடுத்துக்கொண்டு இழப்பீடு கொடுங்கள்’ என்று கேட்கும் உரிமை 82-ஆம் பிரிவில் இருக்கிறது. வெறும் வாடகை ஒப்பந்தத்தில் அந்த உரிமை தானாக வராது, எழுதினால்தான் உண்டு.

தண்ணீர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கடலூர் மணற்கல் படுகைத் தண்ணீரை நம்பித்தான் நம் பக்கத்துப் போர்வெல்கள் ஓடுகின்றன. வேலை தொடங்கும் முன்பே உங்கள் போர்த் தண்ணீரை எடுத்து, டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, கடினத்தன்மை ஆகியவற்றை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பார்த்து அறிக்கை வாங்கி வையுங்கள். மீத்தேனுக்குத் தனியார் ஆய்வகம் தேவைப்படும், செலவை நிறுவனத்தின் தலையில் போடுங்கள். எரிவாயுவோடு மேலே வரும் நீர் பெரும்பாலும் உப்பு. பின்னால் உங்கள் தண்ணீர் கரித்தால், முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு அந்த அறிக்கைதான் சாட்சி.

கிணறு வேறொருவர் நிலத்தில், குழாய் மட்டும் உங்கள் நிலத்தில் என்றால் 1962-ஆம் ஆண்டு குழாய்ப்பாதைச் சட்டம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. சவுக்கு போடுகிறவருக்கு இது பெரிய இடி. சேதத்துக்கு இழப்பீடும், அதற்கு மேல் அந்தப் பட்டையின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் கிடைக்கும். ஆட்சேபிக்க 21 நாள்தான். அறிவிக்கை வந்த அன்றைக்கே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டா கூட்டாக இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். நிலத்தை வேறு யாராவது வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதால் பயிர் இழப்பீட்டில் அவருடைய பங்கைத் தனியாக எழுதுங்கள். கூட்டுறவு சொசைட்டியில் நிலத்தின் பேரில் கடன் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். கிணற்றுக்கு விட்ட இடத்தின் வாடகை விவசாய வருமானத்தில் சேராது, வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

தரகர் மறுபடி வந்தால் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். இல்லையென்று சொன்னாலோ மிரட்டினாலோ, அந்தப் பத்திரத்தின் நகலோடு தாசில்தாரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.